கூகுள் உள்நுழைவைச் சேர்த்த கதை: மிடில்வேர் வரிசை, தொலைந்த குக்கி, இரட்டைக் கணக்குகள்

எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரு சின்ன வலைச் செயலி உண்டு. யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது, எப்போது திரும்ப வரும், அடுத்து யார் வரிசையில் நிற்கிறார் என்பதை அது பார்த்துக்கொள்கிறது. 340 உறுப்பினர்கள். அதில் ‘கூகுள் மூலம் உள்ளே வருக’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்தேன். கடந்த 11 நாளாக ஒரு புகாரும் இல்லாமல் ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று உட்கார்ந்த வேலை, மூன்று வார இறுதிகளைச் சாப்பிட்டுவிட்டது. நேரம் எங்கே போனது என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

காரணம் பாஸ்வேர்டுதான். மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் செயலிக்குள் வருகிறவர்களுக்குப் பாஸ்வேர்டு நினைவில் நிற்பதில்லை. வாரத்துக்கு ஒன்பது பத்து பேர் ‘மறந்துவிட்டேன்’ சுட்டியை அழுத்துவார்கள். அந்த மின்னஞ்சல் சிலருக்கு ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். அப்புறம் எனக்குத் தனியாகச் செய்தி வரும். புத்தகம் எடுக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

செயலி ஓடுவது நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது), எக்ஸ்பிரஸ் (அதன் மேல் வலைச் செயலி கட்டும் சட்டகம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) மூன்றின் மேல். வந்திருப்பவர் யார் என்று சர்வர் நினைவில் வைக்கும் செஷனுக்கு எக்ஸ்பிரஸ்-செஷன் (செஷனின் எண் பிரவுசரில் குக்கி என்ற சிறு குறிப்பாக இருக்கும்), பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்க பிகிரிப்ட். எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு கோரிக்கையும் பக்கத்தை அடைவதற்கு முன் ஒரு வரிசையைக் கடந்து போகும். அந்த வரிசையில் நிற்பவைதான் மிடில்வேர்கள். உள்நுழைவைக் கவனிக்க பாஸ்போர்ட் என்ற மிடில்வேரை எடுத்துக்கொண்டேன். கூகுளுக்கு ஒன்று, கிட்ஹப்புக்கு ஒன்று என்று அதில் தனித்தனி ‘ஸ்ட்ராட்டஜி’ பேக்கேஜ்கள் உண்டு. ஓஆத் 2.0 (வேறு சேவையின் கணக்கு வழியாக அனுமதி பெறும் நெறிமுறை) என்பது இரண்டு ரீடைரக்டும் (வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது) ஒரு போஸ்ட் (தரவை அனுப்பும்) கோரிக்கையும்தானே, நாமே எழுதிவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஸ்டேட் மதிப்பை (போனவரும் திரும்பி வருகிறவரும் ஒருவர்தானா என்று பார்க்க உதவும் தற்செயல் சரம்) உருவாக்கி, சரிபார்த்து, கூகுள் தரும் தற்காலிகக் குறியீட்டைக் கொடுத்து டோக்கனை (அணுகல் சீட்டை) வாங்கி, எல்லாப் பிழைகளையும் கையாள்வதை நினைத்ததும் விட்டுவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

முதல் வேலை கூகுள் கன்சோலில் செயலியைப் பதிவு செய்வது. பெயர், லோகோ, திரும்பி வரவேண்டிய முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு கிளையன்ட் ஐடியும் ஒரு ரகசியமும் கிடைக்கும். ரகசியத்தை முதல் நிமிடத்திலிருந்தே என்விரான்மென்ட் மாறியில் (நிரலுக்கு வெளியே வைக்கும் மதிப்பு) வைத்தேன். கோப்பில் எழுதி அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நிரலின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

திரும்பி வரவேண்டிய முகவரியில்தான் முதல் தடுக்கல். கன்சோலில் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டிருந்தேன். என் நிரலில் அது இல்லை. பிழை எண் 400, ரீடைரக்ட் முகவரி பொருந்தவில்லை என்ற செய்தி. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் வித்தியாசம், லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் 127.0.0.1க்கும் வித்தியாசம், சாய்கோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம். கன்சோலில் திருத்திவிட்டு உடனே முயன்றேன். அதே பிழை. திருத்தியது தவறோ என்று மறுபடி மாற்றினேன். மாற்றம் நடைமுறைக்கு வர 5 நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்து நடந்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வரிசை. செஷன் முதலில், பாஸ்போர்ட்டின் தொடக்கம் அடுத்து, பாஸ்போர்ட்டின் செஷன் மூன்றாவது. இது எல்லோரும் சொல்வதுதான், நானும் அப்படியே வைத்தேன். படங்கள், ஸ்டைல் கோப்புகளைக் கொடுக்கும் ஸ்டாட்டிக் மிடில்வேர் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. அது இவற்றுக்குக் கீழே இருந்தது. பாஸ்போர்ட்டின் செஷன் மிடில்வேர், தன்னைக் கடந்து போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘இது யார்?’ என்று தரவுத்தளத்தில் போய்ப் பார்க்கும். எங்கள் முகப்புப் பக்கத்தில் 18 புத்தக அட்டைகள், இரண்டு ஸ்டைல் கோப்புகள், ஒரு ஸ்கிரிப்ட். போஸ்ட்கிரெஸ் பதிவேட்டைத் திறந்தால், ஒருவர் முகப்பை ஒருமுறை திறந்ததற்கு ஒரே கேள்வி 22 முறை வரிசையாக நின்றது. ஸ்டாட்டிக் வரியை வெட்டி மேலே ஒட்டினேன். 22 ஒன்றானது. மொத்த வேலையிலும் மிகச் சுலபமான திருத்தம் இதுதான்.

இனி வருவது ஒரு மாலை முழுவதையும் விழுங்கிய சிக்கல்.

பொத்தானை அழுத்தினால் கூகுள் பக்கம் வருகிறது. கணக்கைத் தேர்ந்தெடுக்கிறேன். திரும்பி வருகிறேன். மறுபடியும் என் உள்நுழைவுப் பக்கத்திலேயே நிற்கிறேன். பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. தோல்வி என்றால் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பு என்று பாஸ்போர்ட்டிடம் நானே சொல்லியிருந்தேன். அது சொன்னதைச் செய்தது. ஏன் தோல்வி என்பதை யாரும் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவும் இல்லை. கிளையன்ட் ரகசியத்தை மூன்று முறை புதிதாக ஒட்டினேன். ஸ்கோப்பை (எந்தத் தகவலைக் கேட்கிறோம் என்ற பட்டியலை) மாற்றினேன். பேக்கேஜை நீக்கி மறுபடி நிறுவினேன். எல்லாம் வீண்.

கடைசியில் தானியங்கி ரீடைரக்டை எடுத்துவிட்டு, முடிவைக் கையில் வாங்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பாஸ்போர்ட் தரும் மூன்று மதிப்புகளையும் அச்சிட்டேன்: பிழை, பயனர், கூடுதல் தகவல். பிழை காலி, பயனர் ‘ஃபால்ஸ்’ (யாரும் இல்லை), மூன்றாவதில் ஒரு செய்தி: ஸ்டேட்டைச் சரிபார்க்க முடியவில்லை. போகும்போது செஷனில் எழுதி வைத்த ஸ்டேட் திரும்பி வரும்போது அங்கே இல்லை. செஷனே வேறு என்று பொருள்.

பிரவுசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்தேன். ரீடைரக்டின்போது பழைய வரிகள் அழிந்துவிடாமல் இருக்க, பதிவைத் தக்கவைக்கும் தேர்வை இட்டேன். போகும் கோரிக்கையில் செஷன் குக்கி இருந்தது. கூகுளிலிருந்து திரும்பி வரும் கோரிக்கையில் குக்கி என்ற வரியே இல்லை. அந்தக் காலியிடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று செஷன் குக்கியின் சேம்சைட் மதிப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வைத்தவன் நான்தான். ஸ்ட்ரிக்ட் என்றால் வேறு தளத்திலிருந்து வரும் எந்த வருகைக்கும் பிரவுசர் குக்கியைக் கொடுக்காது, கூகுளிலிருந்து திரும்பி வருவதும் அதில் அடக்கம். ‘லாக்ஸ்’ என்று மாற்றினால், பயனர் நேரடியாகப் பக்கம் மாறி வரும் கெட் (பக்கத்தைக் கேட்கும்) கோரிக்கைகளுக்குக் குக்கி போகும். வெளித்தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கைகளுக்குப் போகாது. நமக்குத் தேவை அதுதான். ஒரு சொல் மாற்றம், நான்கரை மணி நேரம்.

மறுநாள் சர்வரில் ஏற்றினேன். அதே அறிகுறி, அதே செய்தி. ஆனால் இந்தமுறை போகும் கோரிக்கையிலேயே குக்கி இல்லை, எக்ஸ்பிரஸ் அதைக் கொடுக்கவே இல்லை. எச்டிடிபிஎஸ் வேலையை முன்னால் நிற்கும் இடைசர்வரான என்ஜின்எக்ஸ் முடித்துவிட்டு, உள்ளே சாதாரண எச்டிடிபியாக அனுப்புகிறது. குக்கிக்கு ‘செக்யூர்’ என்று, அதாவது எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போ என்று, சொல்லியிருக்கிறேன். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று நினைத்து எக்ஸ்பிரஸ்-செஷன் சத்தமில்லாமல் குக்கியை நிறுத்திவிடுகிறது. எக்ஸ்பிரஸில் டிரஸ்ட் பிராக்ஸி மதிப்பை 1 என்று (முன்னால் நிற்கும் ஓர் இடைசர்வரின் சொல்லை நம்பு என்று) வைத்து, வந்தது எச்டிடிபிஎஸ் என்று சொல்லும் தலைப்பை என்ஜின்எக்ஸிலிருந்து அனுப்பியதும் சரியாகிவிட்டது. நேற்றுப் பழகியிருந்ததால் இதற்கு 20 நிமிடம்தான்.

முதல் வார இறுதி இப்படி முடிந்தது. பொத்தான் வேலை செய்தது. உண்மையான வேலை அதற்கப்புறம்தான் தொடங்கியது.

கூகுள் சொல்வது ‘இந்த எண்ணுள்ள கணக்கின் உரிமையாளர் வந்திருக்கிறார்’ என்பது மட்டும்தான். அவர் நம் 340 பேரில் யார் என்பது அதற்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியது நாம்.

முதலில் பயனர் அட்டவணையில் கூகுள் ஐடி என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன், வகை பிக்இன்ட் (பெரிய முழு எண்). எண்தானே வருகிறது என்று நினைத்தேன். முதல் ஆளை எழுதும்போதே வரம்பு மீறியது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. பிக்இன்ட்டின் உச்சம் 9223372036854775807, அதாவது 19 இலக்கம். வந்த ஐடி 21 இலக்கம். சரி, ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணாக மாற்றிப் பார்த்தேன். கடைசி இலக்கங்கள் வேறாக வந்தன. ஜாவாஸ்கிரிப்ட்டால் பிசகாமல் வைத்துக்கொள்ள முடிந்த முழு எண்கள் 9007199254740991 வரைதான். 1 என்று தொடங்கும் அந்த 21 இலக்க எண்ணின் அளவில், அடுத்தடுத்து எழுத முடிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே குறைந்தது 16384 இடைவெளி. அந்த இடைவெளிக்குள் விழும் எல்லா ஐடிகளும் இரண்டு முனைகளில் ஒன்றாக மாறிவிடும். இதில் பயமுறுத்துவது, சோதனையில் எதுவும் தெரியாது என்பதுதான்: ஒரே ஆள் எத்தனை முறை வந்தாலும் ஒரே தவறான எண்தான் கிடைக்கும், உள்நுழைவும் நடக்கும். போஸ்ட்கிரெஸ் மறுத்தது என் நல்ல நேரம். ஐடி என்பது கணக்குப் போடும் எண் அல்ல, ஒரு பெயர். அதை எழுத்தாகவே வைக்க வேண்டும். கூகுள் உள்நுழைவு பின்பற்றும் ஓப்பன்ஐடி கனெக்ட் விவரக்குறிப்பும் அதை 255 எழுத்துக்கு மேற்படாத ஒரு சரமாகத்தான் வரையறுக்கிறது.

பயனர் அட்டவணையில் பத்தி சேர்ப்பதையும் கைவிட்டேன். ‘அடையாளங்கள்’ என்று தனி அட்டவணை. பயனர் எண், சேவையின் பெயர், அந்தச் சேவை தந்த ஐடி ஆகியவை முக்கியம். சேவையும் ஐடியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு. அடுத்த வாரம் சிலர் கிட்ஹப் கேட்டபோது பயனர் அட்டவணையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. கிட்ஹப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முகவரியை மறைத்து வைத்திருப்பவரின் புரொஃபைலில் மின்னஞ்சல் காலியாக வரும். மின்னஞ்சலைப் படிக்கும் ஸ்கோப்பைத் தனியாகக் கேட்டு, வரும் பட்டியலில் முதன்மையானதும் சரிபார்க்கப்பட்டதுமான முகவரியை எடுக்க வேண்டும்.

சரி, பழைய உறுப்பினரை எப்படிச் சேர்ப்பது? மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் அதே ஆள் என்று எழுதினேன். ஐந்து வரி. சோதித்தேன், அழகாக வேலை செய்தது. இரவு படுத்த பிறகுதான் ஒரு சந்தேகம். வேறு யாராவது என் முகவரியைப் போட்டு, தன் பாஸ்வேர்டை வைத்து, முன்கூட்டியே ஒரு கணக்கைத் திறந்து வைத்திருந்தால்? நான் கூகுள் வழியாக வருவேன். முகவரி ஒன்று என்பதால் செயலி என்னை அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். அந்த ஆளின் பாஸ்வேர்டும் அப்படியே வேலை செய்யும். இருவரும் ஒரே வீட்டில் இருப்போம், எனக்குத் தெரியாமல்.

எங்கள் செயலி தொடங்கிய காலத்தில் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் வழக்கம் இல்லை. காலையில் எழுந்து முதல் வேலையாக எண்ணிப் பார்த்தேன்: 57 கணக்குகள் சரிபார்க்கப்படாதவை. அந்த ஐந்து வரியை அப்போதே நீக்கினேன். கூகுள் பக்கத்திலும் நம் பக்கத்திலும் முகவரி சரிபார்க்கப்பட்டிருந்தால் மட்டும் தானாக இணைப்பது, இணைத்ததும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. நம் பக்கம் சரிபார்க்கப்படாமல் இருந்தால் இணைக்காமல், முதலில் அந்த முகவரிக்கு ஒரு சுட்டி அனுப்பி, அதைத் திறந்தவருக்கு மட்டும் பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டு இணைப்பது என்று மாற்றினேன். இணைப்பு ஆன பிறகு மின்னஞ்சலைப் பார்ப்பதே இல்லை. சேவையும் ஐடியும் மட்டும்தான். மனிதர்கள் முகவரியை மாற்றுவார்கள், ஐடி மாறாது.

இது போதும் என்று இரண்டாவது வார இறுதியில் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். திங்கள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து செய்தி: “தம்பி, நான் எடுத்த புத்தகமெல்லாம் காணோமே. திருப்பிக் குடுத்துட்டேன்னு பதிவாயிடுச்சா? மூணும் என்கிட்டதான் இருக்கு.”

அவர் குழுவில் சேரும்போது கொடுத்தது ஒரு முகவரி. போனில் இருக்கும் கூகுள் கணக்கு வேறு முகவரி, மகள் போட்டுக் கொடுத்தது. முகவரி பொருந்தவில்லை, அதனால் என் செயலி அவரைப் புதியவராக எடுத்துக்கொண்டு வெறுமையான ஒரு கணக்கைத் திறந்து வரவேற்றிருக்கிறது. புதன்கிழமைக்குள் இப்படி ஆறு பேர். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ‘நீங்கள் புதியவரா?’ என்று நான் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

ஆறு இரட்டைக் கணக்குகளையும் ஒன்றாக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அடையாளம், இரவல், காத்திருப்பு வரிசை ஆகியவற்றைப் புதிய கணக்கிலிருந்து பழையதற்கு மாற்றி, புதியதை மூடிவிடும். எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது). முதலில் தரவுத்தளத்தின் நகலில் ஓட்டினேன். நான்கு பேருக்குச் சிக்கலில்லை. மற்ற இரண்டு பேர், பட்டியல் காணாமல் போனதைப் பார்த்து, ஏற்கெனவே காத்திருந்த அதே புத்தகத்துக்குப் புதிய கணக்கிலும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒருவர் ஒருமுறைதான் நிற்கலாம் என்ற கட்டுப்பாடு ஸ்கிரிப்ட்டை நிறுத்தியது. பழைய தேதியை வைத்துக்கொண்டு புதியதை நீக்கு என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். வரிசையில் யாரும் பின்னுக்குப் போகக் கூடாதே. மாலையில் ஆசிரியையிடமிருந்து பதில்: “வந்துடுச்சு தம்பி, மூணும் இருக்கு.”

இப்போது முகவரி பொருந்தாத ஒருவர் வந்தால் கணக்கு உடனே திறக்காது. ‘நான் ஏற்கெனவே உறுப்பினர்’, ‘நான் புதியவர்’ என்று இரண்டு பெரிய பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால் பழைய முகவரியைக் கேட்டு அதற்குச் சுட்டி போகும். உள்ளே இருக்கும்போதே கூகுளை இணைத்துக்கொள்ளத் தன்விவரப் பக்கத்திலும் ஒரு பொத்தான் வைத்தேன். அதற்கு பாஸ்போர்ட்டில் ஆதென்டிகேட்டுக்குப் பதில் ஆதரைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் செஷனைக் கலைக்காமல், வந்த கணக்கைத் தனியாக வைத்துத் தரும். அதை முன்பே பார்த்திருந்தால் நானாக எழுதிய 40 வரி தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது வார இறுதியில் இரண்டு சில்லறை வேலைகள். பழைய எடுத்துக்காட்டிலிருந்து எடுத்த வெளியேறும் நிரல் பிழை காட்டியது, பாஸ்போர்ட் 0.6 முதல் லாகவுட்டுக்கு ஒரு கால்பேக் (வேலை முடிந்ததும் கூப்பிடும் ஃபங்ஷன்) கட்டாயம். இன்னொன்று, ஒரு புத்தகத்தின் பக்கத்திலிருந்து உள்ளே வந்தவர் எப்போதும் முகப்பிலேயே போய் நின்றார். அதே 0.6 முதல், உள்நுழைந்ததும் பாஸ்போர்ட் செஷனைப் புதிதாக உருவாக்குகிறது. வேறொருவர் திணித்த செஷன் எண்ணோடு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. ஆனால் நான் செஷனில் எழுதி வைத்த ‘திரும்ப வேண்டிய பக்கம்’ அதோடு போய்விடுகிறது. கீப்செஷன்இன்ஃபோ என்ற தேர்வைக் கொடுத்தால் பழைய தகவல் புதிய செஷனுக்கு வந்துவிடும். திரும்ப வேண்டிய பக்கம் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குகிறதா என்பதையும் சோதிக்கிறேன். இரட்டைச் சாய்கோடு என்றால் பிரவுசர் அதை வேறு தளமாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

செலவு என்று பார்த்தால் பணம் ஏதுமில்லை, நேரம் சுமார் 31 மணி. அதில் பொத்தானுக்கு 9, கணக்குகளை இணைக்க 17, மீதி சில்லறைக்கு. நிலைத்த நிரல் 210 வரி. பாஸ்வேர்டு மறந்தோர் மின்னஞ்சல் போன வாரம் இரண்டுதான் போனது. மறுபடி செய்வதானால் அடையாளங்கள் அட்டவணையை முதல் நாளே போடுவேன். தோல்விக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதும் ஃபங்ஷன் இல்லாமல் பொத்தானைத் திரையில் வைக்க மாட்டேன். சொந்தக் கணினிக்கும் சர்வருக்கும் தனித்தனி கிளையன்ட் ஐடி வாங்குவேன். எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்காமல், வெவ்வேறு முகவரிகள் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் முதலில் கொடுப்பேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இணைத்த கூகுள் கணக்கை நீக்கும் பொத்தான். பாஸ்வேர்டு இல்லாதவர் தன்னிடம் இருக்கும் ஒரே அடையாளத்தை நீக்கினால் தன் கணக்குக்குள் தானே வர முடியாது. அதனால் ‘வேறொரு வழி இருக்கிறதா’ என்று பார்க்கும் சோதனையை முதலில் எழுதியிருக்கிறேன். இரண்டு டேப்களில் ஒரே நேரத்தில் இரண்டு அடையாளங்களை நீக்கினால் அந்தச் சோதனை ஏமாந்துவிடுகிறது. பயனரின் வரியைப் பூட்டிவிட்டு எண்ண வேண்டும். அதை முடித்த பிறகுதான் பொத்தான்.